அப்பாவின் தீசிஸ்

கொழும்பில், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நான் வேலை செய்த கடையை எல்லோரும் கொமியூனிகேஷன் என்றுதான் சொல்வார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ரெலிபோன் கூண்டுகள். பின்பக்கம் பலகையால் மறைத்த கணினிகள். கூண்டுக்குள் நிற்பவர்கள் கனடாவிலிருக்கும் மகனோடு கத்திக் கதைப்பது கடை முழுக்கக் கேட்கும். யாருக்கு விசா மறுத்துவிட்டார்கள், யாருடைய மருமகனை நேற்றுப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் காதில் விழும். விழாததுபோல நான் மேசையில் இருப்பேன். சண்டை மறுபடி தொடங்கி வடக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. லொட்ஜுகள் நிறைய ஆட்கள் ஊருக்குத் திரும்பவும் முடியாமல் வெளிநாடு போகவும் முடியாமல் காத்துக்கிடந்தார்கள். நானும் வெளிவாரியாக ஒரு வணிகப் பட்டம் எடுத்துவிட்டு, நல்ல வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு அங்கே இருந்தேன்.

அந்தக் கடையில்தான் தீசிஸ் தேடப் பழகினேன். பழக்கியவர் ஓர் இளம் உதவி விரிவுரையாளர். சிவில் எஞ்சினியரிங். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அறையில் போர்டிங் இருந்தார். பல்கலைக்கழகத்திலே இன்டர்நெற் இருந்ததுதான், ஆனால் அங்கே வரிசை. இங்கே காசு கொடுத்தால் கதிரை கிடைக்கும். முதல்நாள் வந்து என் மேசைக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"அக்கா, ஒரு தீசிஸ் இறங்கிக்கிட்டு இருக்குங்க. பெரிய பைல். எனக்கு லெக்சருக்கு நேரமாச்சு. அறுந்து போச்சுன்னா மறுபடி அமுக்கி விடுவீங்களா?"

மலைநாட்டுத் தமிழ். எங்கள் கடையில் அதிகம் கேட்காத பேச்சு. சரி என்றேன். அன்று அந்தக் கோப்பு பலமுறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போய் அமுக்கினேன். மாலையில் அவர் வந்து பார்த்து, பரீட்சை பாஸ் பண்ணியவர் மாதிரிச் சிரித்தார்.

பிறகு எனக்கே அதில் ஆசை பிடித்துவிட்டது. எந்தப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் ஆய்வேடுகளை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறது, எது சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தும், எந்தத் தேடுதளத்தில் போட்டால் பல நாட்டு ஆய்வேடுகளும் ஒன்றாக வரும் என்பதெல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்தது. கணிதக்காரர்களின் ஆய்வேடுகள் சில ஒரு வினோதமான கோப்பாக வரும். எங்கள் கணினி அதைத் திறக்க மறுத்துவிடும். அதைத் திறக்கும் மென்பொருளையும் தேடி இறக்கி வைத்தேன். இரசாயனம், பௌதிகம், மின்னியல் என்று மற்ற மாணவர்களும் வரத் தொடங்கினார்கள். "அந்த அக்காட்டக் கேளுங்கோ, எடுத்துத் தருவா" என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. உள்ளே எழுதியிருப்பதில் ஒரு வரி எனக்கு விளங்காது. ஆனாலும் தலைப்பை வைத்து, சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு, எங்கோ ஒரு நூலகத்தின் அடித்தட்டில் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அப்பாவின் தீசிஸ் நினைவுக்கு வந்தது.

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பு புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்துக்குப் போய், மண் அணைக்கட்டுகளுக்குள்ளால் தண்ணீர் கசிவதைப் பற்றி ஆராய்ந்து பட்டம் எடுத்தவர். கறுப்பு மட்டை போட்ட அந்த ஆய்வேடும், பட்டப் பத்திரமும், கலியாணப் படங்களும் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்து போயின. அப்போது எனக்குச் சின்ன வயது. கப்பலேறி யாழ்ப்பாணம் போய், பிறகு திரும்பி வந்து, அப்பா பழைய வேலையில் சேர்ந்தார். பதவி உயர்வு வரவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ரியூஷன் கொடுக்கத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்வி நிலையத்தின் மேல்மாடியில், ஏ.எல். பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம். அதே கணக்குகள், வருடத்துக்கு வருடம். காலையில் பஸ் ஏறிப் போவார். வழியில் எத்தனை இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள் என்பதை மட்டும் வந்து சொல்வார்.

அப்பா பெருமை பேசுகிறவர் அல்ல. ஆனால் யாராவது யாரையாவது படித்தவன் என்று புகழ்ந்தால், சற்றுப் பொறுத்து, "என்ர தீசிஸிலயும் அப்பிடி ஒரு சிக்கல் வந்தது" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஒரு தீபாவளிக்குக் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா என்பது அப்பாவின் தங்கையின் புருஷன். இரும்புக் கடை முதலாளி. பகிடிக்காரர். அப்பா வழக்கம்போல அந்த வசனத்தைச் சொன்னதும் மாமா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார்.

"ஆடிக் கலவரத்தில எரிஞ்சு போன பட்டம் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, இலங்கையில படிக்காத தமிழனே இருந்திருக்க ஏலாது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தார். என் காது சுட்டது. அந்தப் பகிடிக்காகவா, அதற்கு அப்பா சிரித்ததற்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

தேடத் தொடங்கினேன். அப்பாவின் பல்கலைக்கழகத்தின் தளத்தில் அவருடைய பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. எழுத்துக்கூட்டலை மாற்றினேன். ஆங்கில 'ரி'க்குப் பின்னால் 'எச்' போட்டும் போடாமலும், கடைசி எழுத்தை விட்டும் பார்த்தேன். இல்லை. பிறகு அந்த விரிவுரையாளர்தான் சொன்னார்: "அப்பா பேரையும் தாத்தா பேரையும் அவங்க தலைகீழா வச்சிருப்பாங்கக்கா. வெள்ளக்காரனுக்கு நம்ம முதலெழுத்து விளங்காது." தாத்தாவின் பெயரைப் போட்டேன். திரையில் ஒரேயொரு வரி வந்தது. மண் அணைகளில் கசிவு என்று தலைப்பு. ஆண்டு. அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

இருக்கிறது என்று தெரிந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று யோசித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அப்படியானால் நானும் இவ்வளவு நாளும் முழுதாக நம்பியிருக்கவில்லை.

ஆய்வேடு புத்தகமாகத்தான் இருந்தது, ஸ்கான் பண்ணவில்லை. கேட்டு எழுதலாம் என்று கீழே போட்டிருந்தார்கள். எழுதினேன். எரிந்துபோன விடயத்தையும் இரண்டு வரியில் சொன்னேன். கொஞ்ச நாட்களுக்குப் பிறகு நூலகத்திலிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தா: ஸ்கான் பண்ணித் தளத்தில் ஏற்றிவிட்டோம், இனி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உங்கள் தந்தைக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

இறங்கும்வரை அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. தட்டச்சில் அடித்த பக்கங்கள். மெஷினில் இல்லாத கிரேக்க எழுத்துகளைப் பேனாவால் எழுதி நிரப்பியிருந்தார். அப்பாவின் கையெழுத்து, ஆனால் இளந்தாரியின் கையெழுத்து, ஒரு நடுக்கமும் இல்லாமல். நன்றியுரையில் பேராசிரியரைச் சொல்லிவிட்டு, குளிருக்கு ஹீற்றர் இரவல் தந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி சொல்லியிருந்தார். கடைசிப் பக்கங்களில் குளத்துக்கட்டின் குறுக்குவெட்டுப் படங்கள், அளவுகளோடு.

விரிவுரையாளர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய துறை. "அக்கா, எனக்கும் ஒரு கொப்பி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுத் தன்னுடைய பென்டிரைவில் எடுத்துக்கொண்டார்.

கடை முதலாளியிடம் கேட்டு முழுவதையும் பிறின்ற் எடுத்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் கறுப்பு மட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து அடித்துத் தந்தார்கள். அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. மாமா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சிரித்த எல்லோரும் பார்க்க வேண்டும்.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. எங்கள் மாடிவீட்டுச் சின்ன ஹோலில் மாமா குடும்பத்தையும், கீழ்வீட்டுக்காரரையும், விரிவுரையாளரையும் கூப்பிட்டேன். அம்மா ரோல்ஸ் பொரித்தா. அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் பிறந்தநாள் நெருங்குவதால் என்று நினைத்துக்கொண்டு நல்ல சேட் ஒன்று போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

விரிவுரையாளர் வந்தபோது அம்மா கதவடியில் வைத்தே விசாரித்தா.

"தம்பிக்கு ஊர் எது?"

"ஹட்டன் பக்கங்க."

"ஹட்டன் டவுனோ?"

"இல்லீங்க. தேயிலைத் தோட்டம்."

"ஓ," என்றா அம்மா. அந்த 'ஓ'வை நான் அறிவேன். கதிரைகள் காலியாக இருந்தும், கதவோரத்து ஸ்டூலைத்தான் அவருக்குக் காட்டினா. அவர் அதில் உட்கார்ந்தார், முழங்காலில் கை வைத்து, அது தன் வழமையான இடம் என்பதுபோல. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு நான் புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தேன்.

அப்பா முதுகிலிருந்த எழுத்தை வாசித்தார். திறக்கவில்லை. உள்ளங்கையால் மட்டையைத் தடவினார். "இது எங்கால?" என்றார். நான் சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. மாமா எழுந்து வந்து, தலைப்பை ஆங்கிலத்தில் உரத்து வாசித்து, அப்பாவின் தோளில் தட்டினார்.

"அத்தான், நான் தோத்துப் போனன். ஒத்துக்கொள்ளுறன்."

அந்த ஒரு நிமிடத்தில் நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

"சரி, இதில என்ன சொல்லியிருக்கிறியள் எண்டு எங்களுக்கும் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோவன்," என்றார் மாமா. நல்ல மனதோடுதான் கேட்டார். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா சிரித்துக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார். குளத்துக்கட்டு ஒன்றுக்கு ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும்போது அந்தக் கட்டின் வயிற்றுக்குள் ஒரு கோடு இருக்கிறது, அதற்குக் கீழே மண் நனைந்திருக்கும், மேலே காய்ந்திருக்கும், அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்தால்தான் கட்டு நிற்குமா சரியுமா என்று சொல்லலாம் என்றார். எல்லோருக்கும் விளங்கியது. கீழ்வீட்டுக்காரர் தலையாட்டினார்.

விரிவுரையாளருக்கு அடக்க முடியவில்லை. அவர் ஒரு கிழமையாக அதை வாசித்திருந்தார். ஸ்டூலோடு முன்னுக்கு நகர்ந்து வந்தார்.

"சார், மூணாவது அதிகாரத்தில ஒரு சந்தேகங்க. அந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரியாம கணக்கைச் செய்ய முடியாது. கணக்கைச் செய்யாம கோடும் தெரியாது. அதனால நீங்க முதல்ல ஒரு கோட்டை ஊகிச்சுக்கிட்டு, திருத்தித் திருத்திப் போறீங்க. அப்படித் திருத்திக்கிட்டே போனா அது கட்டாயம் ஒரே இடத்தில வந்து நிக்கும்னு நிறுவியிருக்கீங்க பாருங்க, அந்த இடந்தான். இந்தச் சமன்பாட்டில இருந்து அடுத்ததுக்கு எப்படிங்க போனீங்க?"

அப்பா அந்தப் பக்கத்தை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சேட் நுனியில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "இது வந்து…" என்றார். விரலை ஒரு சமன்பாட்டில் வைத்தார். விரல் அடுத்த வரிக்கு இறங்கி, திரும்ப மேலே போனது. முன்பக்கத்தைப் புரட்டினார். ரயில் ஒன்று கடற்கரையோரம் போய் முடிந்தது. அப்பா இன்னும் அதே வரியில் இருந்தார்.

விரிவுரையாளர் வெலவெலத்துப் போய்விட்டார். "பரவால்லீங்க சார். நான்தான் சரியாப் படிக்கலன்னு நெனைக்கிறேன். திரும்பப் பாத்தா எனக்கே…"

"இல்லை," என்றார் அப்பா. புத்தகத்தை மூடினார். "நான் எழுதினதுதான். இப்ப எனக்கு விளங்கேல்லை."

யாரும் சிரிக்கவில்லை. மாமா நிலத்தைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அம்மா "தேத்தண்ணி ஆறப்போகுது" என்று உள்ளே போனா. தேத்தண்ணி இன்னும் ஊற்றவே இல்லை. அப்பாவுக்காக வெட்கப்பட்டேன். அடுத்த கணம், அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேனே என்று அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாமல் போனது.

புத்தகம் அலுமாரிக்கு மேலே போனது. அப்பா அதைப் பற்றிக் கதைக்கவில்லை. "என்ர தீசிஸிலயும்" என்ற வசனம் அதற்குப் பிறகு அவருடைய வாயிலிருந்து வரவேயில்லை. மற்றவர்கள் சந்தேகப்பட்ட காலம் முழுக்கச் சொன்னவர், கையில் புத்தகம் வந்த பிறகு நிறுத்திவிட்டார். விரிவுரையாளரும் கடைப்பக்கம் வரவில்லை.

மாதங்கள் போயின. ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அது புதிதல்ல. அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். மரியாதையாகத்தான் பார்த்தார்கள். அலுமாரிக்கு மேலே கைவிட்ட ஆமிக்காரர் கறுப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்துப் படங்கள் விரிந்தன. அணைக்கட்டு. உயரம், அகலம், எங்கே பலவீனம் என்று அம்புக்குறி.

கிழக்கில் ஓர் அணைக்கதவைப் பூட்டித் தண்ணீரை மறித்ததில் தொடங்கிய சண்டை அது. அந்த நாட்களில் குளம், அணை என்ற சொற்களே வேறு மாதிரிக் கேட்டன.

"மொகக்த மே?" இது என்ன என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அப்பா சிங்களத்தில் நன்றாகக் கதைப்பார். வன்னியிலும் அனுராதபுரத்திலும் சிங்களத் தொழிலாளர்களோடு வேலை செய்தவர். குளத்துக்கட்டு, நான் படித்த காலத்தில் எழுதியது என்றார். சப் இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். தாள் புத்தம் புதிது. மட்டை புதிது.

"இது பழையதில்லையே."

நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். சும்மா ஒரு விசாரணை, பயப்பட வேண்டாம் என்றார்கள். படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் கொஞ்சம் திறந்து, மூடின. அப்பா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். அதற்கு அவர் நன்றி சொன்னார்.

நானும் அம்மாவும் பின்னால் போனோம். பொறுப்பதிகாரி நடுத்தர வயது மனிதர், தூக்கம் போதாத கண்கள். புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து, ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"நீர் எழுதியதா?"

"ஆம்."

"அப்படியென்றால் விளங்கப்படுத்தும், பார்ப்போம்."

அப்பா படத்தைப் பார்த்தார். போயா நாளில் பார்த்த அதே பார்வை. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"எனக்கு மறந்துவிட்டது, சேர்," என்றார் அப்பா சிங்களத்தில்.

பொறுப்பதிகாரி நிமிர்ந்தார். "எழுதியவர் நீர். மறந்தவரும் நீரா?"

பக்கத்திலிருந்த பொலிஸ்காரர் சிரித்தார். நான் முன்னுக்குப் போய், இன்டர்நெற்றில் இருந்து எடுத்தது, நான்தான் அச்சடித்தேன், உலகத்தில் யாரும் எடுக்கலாம் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கொட்டினேன். "யாரும் எடுக்கலாமா?" என்று அவர் திரும்பக் கேட்டபோதுதான், நான் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டேன் என்று புரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவைச் சுவரோர வாங்குப் பலகையில் போய் இருக்கச் சொன்னார்கள். அறுபது தாண்டிய மனிதர், மிரட்டும் கேள்வி ஒன்றுகூட இல்லாத அந்த அறையில், பரீட்சையில் விடை எழுதாமல் எழும்பிய பிள்ளை மாதிரி இருந்தார். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்.

அம்மாதான் முடிவெடுத்தா. என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனா. அந்த விரிவுரையாளரின் போர்டிங் வீட்டைக் கேட்டு விசாரித்துக் கண்டுபிடித்து, கதவைத் தட்டியிருக்கிறா. "தம்பி, ஒருக்கா வாங்கோ, உங்களை விட்டா எங்களுக்கு ஆரும் இல்லை" என்று சொன்னதாகப் பிறகு அவர்தான் எனக்குச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அம்மா அவ்வளவு தூரம் நடந்து வந்ததை நினைத்துச் சொன்னார்.

ஒரு தமிழ் இளைஞன் தானாக நடந்து ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் வருவது அந்த நாட்களில் சின்ன விடயம் அல்ல. அவர் வந்தார். தலை ஈரமாக இருந்தது. பல்கலைக்கழக அட்டையைக் காட்டி, இது என் பாடம், நான் விளங்கப்படுத்தலாமா என்று சுத்தமான சிங்களத்தில் கேட்டார். பொறுப்பதிகாரி கதிரையைக் காட்டினார். அப்பாவையும் கிட்ட வரச் சொன்னார்.

விரிவுரையாளர் பக்கம் பக்கமாகச் சொன்னார். எளிமையாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. இங்கே குளம், இங்கே வயல், இந்தக் கோடு கட்டுக்குள்ளால் சரிந்து போய் வயல்பக்கத் தண்ணீர் மட்டத்தில் முடிகிறது என்றார்.

"நே," இல்லை என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"மட்டத்தில் முடியாது." அப்பா சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். கேட்டு எடுக்கவில்லை. "அதற்கு மேலே, கட்டின் சரிவிலேயே வெளியே வரும். அந்த இடத்தில்தான் புல் எப்போதும் பச்சையாக இருக்கும். மாடு அங்கேதான் மேயும். அங்கே மண் கரையத் தொடங்கினால் கட்டுப் போய்விடும். அதனால்தான் அடியில் கல் வைத்துத் தண்ணீரை இறக்க வேண்டும்." படத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டார். "நான் எழுதியது உடைக்கிறதுக்கு இல்லை, சேர். உடையாமல் வைத்திருக்கிறதுக்கு."

பொறுப்பதிகாரி கொஞ்ச நேரம் முக்கோணத்தைப் பார்த்தார். விரிவுரையாளர் வாய்க்குள் "ஆமாங்க சார், மேலதான்" என்றார். எளிமையாகச் சொல்லப் போய் அதை விட்டுவிட்டாராம். அப்பா தலையாட்டினார், ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த சமன்பாடுகள் எதன்மேலும் பென்சிலை வைக்கவில்லை. அதை நானும் விரிவுரையாளரும் கவனித்தோம். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். புத்தகத்தை மட்டும், மேலிடத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கேட்டு நாங்கள் போகவில்லை.

படியேறும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "என்ன சேர், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. ஒரு வைவா வைச்சவை," என்றார் அப்பா. "பாஸ்."

அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கதவடியில் நின்றா, தட்டவில்லை. விரிவுரையாளரை ஹோலில் இருக்கச் சொல்லியிருந்தோம். அம்மா அப்பாவின் சாய்கதிரையைக் காட்டினா. அவர் வேண்டாம் என்று ஸ்டூலை இழுத்துக்கொண்டார். அம்மா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தா. அவர் சிரித்துக்கொண்டு, "இதுவே வசதியா இருக்குங்கம்மா" என்றார். அம்மாவின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். அதைத் துடைக்க எனக்கும் வழி தெரியவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு பின்னேரம், அப்பா கடைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. ரியூஷன் முடித்து நேரே வந்திருந்தார். விரல்களில் சோக்குத் தூள்.

"அந்தத் தீசிஸை இன்டர்நெற்றில ஆரும் பாக்கலாம் எண்டனியெல்லே?"

"பாக்கலாம் அப்பா. பிறின்ற் எடுத்துத் தரட்டோ?"

"வேண்டாம். தாளில வேண்டாம்." கதிரையில் உட்கார்ந்தார். "இதிலயே காட்டு."

தளத்தைத் திறந்து கொடுத்தேன். பக்கம் திருப்ப எந்தப் பொத்தான் என்று ஒருமுறை காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிகக் கிட்டப் போய், விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். பக்கத்துக் கணினியில் ஒருவர் லண்டனிலிருந்த மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் வந்தார். சில நாட்களில் விரிவுரையாளரும் பக்கத்தில் இருப்பார். அப்பா பழைய கொப்பித் தாளில் எதையோ போடுவார், வெட்டுவார், மறுபடி போடுவார். ஒருமுறை தாளைக் கசக்கிப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். இன்னொரு முறை, "இதை எழுதினவன் நல்ல கெட்டிக்காரன்" என்றார், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. கூண்டில் யாரோ அழைப்பு முடித்துவிட்டார்கள் என்று எழுந்து போனேன். கூண்டில் ஒருவரும் இல்லை.

மூன்றாவது அதிகாரம் அவருக்குக் கடைசியில் விளங்கியதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.